கூப்பிடுவது யார்?



இந்த நூலகத்தில் பேச நூலகர் அம்மா என்னைக் கூப்பிட்டபோது, ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் நாலரைக்கே தொடங்கிவிடுகிறேன், ஆனால் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்னை விட்டுவிட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்றார்கள். கடைசியில் சொல்கிறேன் என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

முதலில் ஒரு சின்னக் காரியம். எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பேச வேண்டாம். என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.

சரி, திறக்கலாம். என்ன கேட்டது? மின்விசிறி கேட்டது. பேருந்து ஹாரன் கேட்டது. நடுவரிசையில் ஒருவருடைய செல்போனில் சினிமாப் பாட்டு ஒன்றும் கேட்டது, போகட்டும். அதற்கு அப்பால்? ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ‘சிக், சிக், சிக், சிக்’ என்று விடாமல் ஒரு குரல் கேட்டதா இல்லையா? அது என்ன பறவை? முன்வரிசைத் தம்பி தேன்சிட்டு என்கிறார். அந்த அம்மா சிட்டுக்குருவி என்கிறார்கள்.

அது அணில்.

சிரிக்காதீர்கள். இந்த அணில் என்னை இரண்டு வருடம் ஏமாற்றியிருக்கிறது. கழுத்தில் பைனாகுலரோடு, தலையை அண்ணாந்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கிளை இடுக்கில் வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு கத்துகிற அணிலைப் பார்த்துத் தலைகுனிந்து வீடு திரும்பியிருக்கிறேன். பறவை பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அணில்தான் முதல் வாத்தியார்.

இன்றைக்கு நான் பேச வந்தது, உருவத்தால் சிறுத்துக் குரலால் பெருத்த பறவைகளைப் பற்றி. அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் படம் எடுப்பது என்பதைப் பற்றி. வேடந்தாங்கலுக்குப் போனால் கூழைக்கடாவையும் நாரையையும் தேட வேண்டியதில்லை. அவை மரத்தின் மேல் கொலு வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். நான் சொல்லப்போவது அந்தப் பறவைகளை அல்ல. உங்கள் கொல்லையில், உங்கள் தெருவில், உங்கள் தலைக்கு மேலேயே இருந்துகொண்டு கண்ணில் படாத பறவைகளைச் சொல்கிறேன். அவற்றுக்குக் கேமரா கடைசியில்தான் வேண்டும். கண் அதற்கு முன்னால். காது எல்லாவற்றுக்கும் முன்னால்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சியில், கொள்ளிடக்கரைப் பக்கம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பாத்திரப் பட்டறை இருந்தது. கோடை விடுமுறையில் மத்தியானம் வீடே தூங்கும். எனக்கு மட்டும் தூக்கம் வராது. ‘டொக், டொக், டொக், டொக்’ என்று தட்டும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். பாவம், இந்த வெயிலிலும் குடம் தட்டுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பட்டறையை மூடிவிட்டார்கள். குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. அடுத்த கோடையிலும் ‘டொக், டொக்’. மூடிய பட்டறைக்குள் உட்கார்ந்து தட்டுவது யார்? என் பாட்டி, அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டாள். பேய்க்கு அஞ்சித்தான் என் இளமை கழிந்தது.

பேயை நான் நேரில் பார்க்கும்போது எனக்கு வயது 38. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பள்ளி மைதானத்து அரசமரத்தின் உச்சியில், இலை உதிர்ந்த கிளையில், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைக் குண்டுப் பறவை. நெற்றியில் குங்குமம் வைத்ததுபோல் சிவப்பு, மார்பில் இன்னொரு சிவப்புப் பட்டை, தொண்டையில் மஞ்சள். செம்மார்புக் குக்குறுவான். ஆங்கிலத்தில் அதற்குச் செப்புக்கொல்லன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. என்னைப்போலவே ஏமாந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் வைத்திருக்க வேண்டும்.

அதைப் பார்த்தபோது நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அது வாயைத் திறக்கவே இல்லை! ஊரெல்லாம் கேட்கும் குரல், ஆனால் அலகு மூடியபடியே இருக்கிறது. ஒவ்வொரு ‘டொக்’குக்கும் தொண்டையின் இரு பக்கத்திலும் இறகில்லாத தோல் ரப்பர் பந்துபோல உப்பி உப்பி அடங்குகிறது. தலை லேசாகக் குனிந்து நிமிர்கிறது. கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 112. மறுநாள் எண்ணினேன், 115. நூல்களில் 108 முதல் 121 வரை என்று போட்டிருக்கிறார்கள். நம் நாடித்துடிப்பைவிட வேகமாக, தாளம் தப்பாமல், மணிக்கணக்கில் தட்டுகிறது அந்தப் பறவை.

அப்படியென்றால் அதைக் கண்டுபிடிப்பது சுலபம்தானே? இல்லை. இங்கேதான் அதன் சூட்சுமம். தட்டும்போதே அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளும். இப்படித் திரும்பினால் சத்தம் அரசமரத்திலிருந்து வரும். அப்படித் திரும்பினால் சத்தம் எதிர்வீட்டு மாடியிலிருந்து வருவதுபோல இருக்கும். ஒரே பறவை நம்மை மைதானம் முழுக்க ஓட வைக்கும். நான் மூன்று நாள் ஓடினேன். மாணவர்கள் எட்டாம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? கடவுள் இரண்டு காது கொடுத்திருக்கிறார். வலப்பக்கத்திலிருந்து வரும் சத்தம் வலக்காதுக்கு ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு முந்தி வந்து சேரும், கொஞ்சம் உரக்கவும் கேட்கும். அந்த வித்தியாசத்தை மூளை கணக்குப் போட்டுத் திசை சொல்கிறது. ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி வேலை செய்யாது. நான் இப்போது கையைத் தட்டுகிறேன். எங்கே தட்டினேன் என்று கண்ணை மூடிக்கொண்டே காட்டிவிடுவீர்கள். திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிற சத்தம், கட்டையும் கீச்சும் கலந்த சத்தம், திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதுவே மெல்லத் தொடங்கி, ஒரே உச்சத்தில் இழுத்து, மெல்ல அடங்குகிற சத்தமாக இருந்தால்? கடைசிப் பெஞ்சில் பையன் மெல்லிய சீழ்க்கை விட்டால் எந்த வாத்தியாரும் அவனைக் கண்டுபிடித்ததில்லை. என் 31 வருட சர்வீஸில் நானும் கண்டுபிடித்ததில்லை.

இதைத்தான் பறவைகள் பயன்படுத்திக்கொள்கின்றன. பீட்டர் மார்லர் என்ற அறிவியலாளர் 1955இல் இதை எடுத்துச் சொன்னார். தலைக்கு மேல் வல்லூறு பறக்கும்போது சின்னப் பறவைகள் பல, மெல்லிய கீச்சுக்குரலில் இழுத்துக் கத்தும். கூட்டத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும், கத்தியது யார் என்று வல்லூறுக்குத் தெரியாது. அதே பறவைகள், பகலில் மரப்பொந்தில் தூங்குகிற ஆந்தையைக் கண்டுகொண்டால் வேறு மாதிரி கத்தும். வெடுக் வெடுக்கென்று, கரடுமுரடாக, எல்லோரும் வாருங்கள், இவன் இங்கேதான் இருக்கிறான் என்று ஊரைக் கூட்டும். அந்தக் குரலில் ஒளிவுமறைவே கிடையாது.

அப்படியானால் பறவையைத் தேடி அலைகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? என்ன பறவை என்பதா? எங்கே இருக்கிறது என்பதா? இரண்டும் இல்லை. இந்தக் குரல் யாருக்காக என்பதுதான் முதல் கேள்வி. துணைக்கா, எதிரிக்கா, குஞ்சுக்கா, ஊருக்கா? அது தெரிந்துவிட்டால் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தையல்சிட்டிடம் தப்புச் செய்து தெரிந்துகொண்டேன்.

தையல்சிட்டை உங்களில் பாதிப்பேர் இன்று காலை கேட்டிருப்பீர்கள். ‘டுவிட், டுவிட், டுவிட், டுவிட்’ என்று உரக்க, அவசர அவசரமாக, ஏதோ தலைபோகிற காரியம்போலக் கத்தும். உடம்பு நம் கட்டைவிரல் அளவுக்குத்தான். எடை 10 கிராமுக்குள் அடங்கும். அந்த உடம்புக்கு இந்தக் குரலா என்று வியப்பாக இருக்கும். ஆலிவ் பச்சை முதுகு, துருப்பிடித்த நிறத்தில் உச்சந்தலை, நிமிர்த்தி வைத்த வால். கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும், வாயை மூடினால் மறைந்துவிடும். இந்தத் திட்டைப் படத்தில் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு வெகுகால ஆசை.

அப்போது கையில் இருந்தது ஃபிலிம் கேமரா. ஒரு சுருளுக்கு 36 படம். கழுவி வாங்கிப் பார்த்தால் 30 படத்தில் இலை இருக்கும், 5 படத்தில் ஆடிப்போன வால் இருக்கும். மிச்சம் ஒன்றில் என் கட்டைவிரல் இருக்கும். தையல்சிட்டு ஒரு நொடி ஒரு கிளையில் நிற்காது. அது நிற்பதும் நடுப்புதருக்குள். கேமரா முன்னால் இருக்கிற குச்சியைத் தெளிவாகக் காட்டும், பின்னால் இருக்கிற பறவையைப் புகைமூட்டமாக்கிவிடும்.

இப்போது டிஜிட்டல் கேமரா வந்து நிறைய மாறிவிட்டது. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வந்திருக்கிறது, சத்தமில்லாத ஷட்டர் வந்திருக்கிறது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவியதுபோல் இருந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தைவிட அது மேல். கண் தெளிவாக இருக்க வேண்டும். கண் கலங்கினால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படம் செத்தது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். மிச்சத்தைச் செல்போனில் ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள், நான் எதற்கு?

அவர்கள் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். பறவையைத் துரத்தாதீர்கள். அதன் பாதையைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். தையல்சிட்டு தினமும் கிட்டத்தட்ட ஒரே சுற்றில் வரும். செம்பருத்திச் செடி, அங்கிருந்து முருங்கை, அங்கிருந்து துணி காயப்போடும் கம்பி, மறுபடி செம்பருத்தி. ஒரு வாரம் கேமரா இல்லாமல் உட்கார்ந்து அதன் குரல் எந்த வரிசையில் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் கம்பியைப் பார்த்தபடி கேமராவை வைத்துவிட்டுக் காப்பி குடிக்கலாம். குரல் செம்பருத்தியில் கேட்டால் டம்ளரைக் கீழே வையுங்கள். முருங்கையில் கேட்டால் விரலைப் பொத்தானில் வையுங்கள். காது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இப்போது நான் செய்த தப்பு. எங்கள் கொல்லையில் அகலமான இலையுள்ள ஒரு செடி இருந்தது. அதில் தையல்சிட்டு கூடு கட்டியது. எப்படிக் கட்டும் தெரியுமா? பெண்பறவை அலகால் இலையின் இரண்டு ஓரங்களிலும் துளை போடும். சிலந்தி நூலையும் பஞ்சையும் துளை வழியாக இழுக்கும். இழுத்த முனை பிரிந்து விரிந்து முடிச்சுப்போல நின்றுகொள்ளும். இலை சாகாது, செடியோடு பச்சையாகவே இருக்கும். அதனால் பக்கத்தில் போய் நின்றாலும் கூடு கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது. பறவையின் குரல்தான் காட்டிக்கொடுத்தது.

கூட்டில் மூன்று குஞ்சு. தாய் இரையோடு வருகிற படம் வேண்டும் என்று எனக்கு வெறி. கூட்டை மறைத்தபடி ஓர் இலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒடிக்கவில்லை, அவ்வளவு பாவி இல்லை நான். ஒரு நூலால் லேசாக இழுத்துப் பக்கத்தில் கட்டிவைத்தேன். சிட்டுகள் இரண்டும் என்னைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. நான் கேட்ட குரல்தான், ஆனால் வேகம் வேறு, கூர்மை வேறு. அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு 40 நிமிடம் படம் எடுத்தேன். அருமையான படங்கள். கழுத்தின் கறுப்புத் திட்டுகூட விழுந்திருந்தது. சாயங்காலம் நூலை அவிழ்க்க மறந்துபோனேன்.

மறுநாள் விடிகாலை செம்போத்து வந்து போயிருந்தது. கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சு ஒன்றுமில்லை. தாய்ச்சிட்டு அன்றைக்கு முழுதும் அதே செடியில் உட்கார்ந்து கத்தியது. அந்தக் குரல் யாருக்காக என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் அது கத்தியது என் கேமராவுக்காக இல்லை, என்னை விரட்டுவதற்காக. அந்தச் சுருளை நான் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

கல்லூரிப் பிள்ளைகளே, உங்களிடம் கேட்கிறேன். இன்றைக்குப் பல இதழ்களும் புகைப்படப் போட்டிகளும் கூட்டுப் படங்களை ஏற்றுக்கொள்வதில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? என்னைப்போல் ஆயிரம் பேர் நூல் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் நடக்கிறது. செல்போனில் பறவைக்குரலைப் போட்டுவிட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள். மாம்பழச்சிட்டின் சீழ்க்கையைப் போட்டால் மாம்பழச்சிட்டு வருகிறதுதான். எதற்காக வருகிறது? உங்களைப் பார்க்கவா? தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று பதறிப்போய் வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கிறது. நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், அடுத்த கார் வரும், அவரும் அதையே போடுவார். உங்கள் வீட்டு வாசலில் நின்று ஒருவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இது என் வீடு, வெளியே வா என்று கத்தினால் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுவீர்களா?

கொஞ்சம் சுமை இறக்குவோம். குரலை மொழிகள் எப்படிக் கேட்கின்றன என்பது ஒரு தமாஷ். அக்காக்குயில் என்று ஒரு பறவை. படிப்படியாகச் சுருதி ஏற்றிக்கொண்டே போகும். நம்மவருக்கு அது அக்கா, அக்கா என்று அழைப்பதாகக் கேட்டது. இந்திக்காரர்களுக்கு, ‘பீ கஹான்’, என் காதலர் எங்கே என்று கேட்டது. வங்காளிக்கு, ‘சோக் கேலோ’, என் கண் போச்சே என்று கேட்டது. மராட்டிய விவசாயிக்கு, ‘பாவுஸ் ஆலா’, மழை வருகிறது என்று கேட்டது. வெள்ளைக்காரருக்கு மூளைக்காய்ச்சல் என்று கேட்டது. ஒரே பறவை, ஒரே குரல். அவரவர் கவலை அவரவருக்கு!

நம் குறுந்தொகையில் கணந்துள் என்றொரு பறவை வருகிறது. வறண்ட வழியில் ஆள் வருவதைக் குரல் கொடுத்து அறிவிக்கும் நெடுங்கால் பறவை. இன்றைக்கு வயல்வெளியில் நடந்து பாருங்கள், உங்களைக் கண்டதும் ஒரு பறவை ஊரைக் கூட்டும். அதன் பெயர் என்ன? ஆள்காட்டி. ஈராயிரம் ஆண்டு போனாலும் நம் ஊர்க் காது அந்தக் குரலில் கேட்டது ஒரே சேதியைத்தான்.

பேருக்கும் குரலுக்கும் இன்னும் ஒரு நெருக்கம் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாததைக் காது பிரித்துவிடும். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்தில் கில்பர்ட் வைட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஒரே மாதிரியான சின்னஞ்சிறு பச்சைக் கதிர்க்குருவிகளை எல்லோரும் ஒரே இனம் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், பாட்டைக் கேட்டு, இவை மூன்று இனம் என்று பிரித்தார். அவர் புத்தகம் வந்தது 1789இல். பைனாகுலர் கிடையாது, கேமரா கிடையாது. வேலியோரம் நின்று கேட்டார், அவ்வளவுதான். நம் ஊருக்கும் வடக்கேயிருந்து அப்படிப்பட்ட கதிர்க்குருவிகள் குளிர்காலத்தில் வந்துகொண்டிருக்கின்றன. மாமரத்து உச்சியில் இலையோடு இலையாக ஒன்று, வேலிப்புதருக்குள் ‘செக், செக்’ என்று நாக்கைத் தட்டியதுபோல ஒன்று. படம் எடுத்து வந்து என்னிடம் காட்டி, சார் இது எந்தக் கதிர்க்குருவி என்று கேட்பார்கள். நான் படத்தைப் பார்க்கமாட்டேன். எப்படிக் கத்தியது என்று கேட்பேன். கவனிக்கவில்லை சார் என்றால், எனக்கும் தெரியாது தம்பி என்று அனுப்பிவிடுவேன்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017இல், நம் மேற்குமலையின் சோலைக்காடுகளில் பாடும் ஒரு நீலப் பறவைக் குழுவுக்கு அறிவியலாளர்கள் புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள். சோலிகோலா. நம்முடைய சோலைதான் லத்தீன் வேட்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே ஆனைமலை, பழனிமலையில் இன்னொன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது ஒன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்க மரபணுவையும் இறகு நிறத்தையும் ஆராய்ந்ததோடு பாட்டையும் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள்.

பதிவு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. உலகத்தில் இன்றும் கேட்கக் கிடைக்கிற மிகப் பழைய பறவைக்குரல் பதிவு எது தெரியுமா? 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன், எடிசனின் மெழுகு உருளையில் தன் வீட்டுக் கூண்டுப் பறவையின் பாட்டைப் பதித்தான். அந்தப் பறவை ஜெர்மன் பறவை இல்லை. இந்தியாவிலிருந்து போன ஷாமா. நம் காட்டில் அதற்குச் சோலைபாடி என்று பெயர். எவ்வளவு பெருமை பாருங்கள், எவ்வளவு வருத்தமும் பாருங்கள். முதல் பாட்டே கூண்டுக்குள்ளிருந்து பாடிய பாட்டு.

இன்றைக்கு அந்த மெழுகு உருளை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கார்னெல் ஆய்வகத்தார் நடத்தும் மெர்லின் என்ற செயலி 2021 முதல் குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்கிறது. குரலைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை வைத்துச் சொல்லும். நல்ல துணை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் துடுப்புவால் கரிச்சான் போன்ற பலகுரல் மன்னன் எதிரே வந்துவிட்டால் செயலிக்கும் திண்டாட்டம்தான், நமக்கும் திண்டாட்டம்தான். பெயரைச் செயலி சொல்லட்டும். பறவையை நீங்கள் தேடிப் பாருங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி அனுப்பலாம். கேட்டதையும் என்பதைக் கவனியுங்கள். கண்ணில் படாத பறவைக்கும் அங்கே வரிசையில் இடம் உண்டு.

மா. கிருஷ்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் மனம் கேட்காது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். தமிழிலும் எழுதினார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு கேமரா செய்துகொண்டு, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். வண்ணம் இல்லாமலே அந்தக் காட்டின் வெளிச்சம் நமக்குத் தெரிகிறது. விலை உயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்குகிற பிள்ளைகள் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

மணி ஐந்து நாற்பது. என் சொந்த விஷயம் ஒன்று.

எங்கள் வீட்டு வாசலில் சர்க்கரைப்பழ மரம் ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னச் சிவப்புப் பழம் காய்க்குமே, அந்த மரம். அதற்குப் பூக்கொத்தி வரும். 8 சென்டிமீட்டர்தான், நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. ‘டிக், டிக், டிக்’ என்று மெல்லிய உச்சக்குரலில் கத்திக்கொண்டே இலைக்குள் திரியும். நான் அதைப் பார்ப்பதற்கு முன் எப்போதும் கேட்டுவிடுவேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், பூக்கொத்தி வருவதே நின்றுபோய்விட்டது என்று வீட்டில் வருத்தப்பட்டேன். பூச்சிமருந்தா, செல்போன் கோபுரமா என்று பெரிய விவாதமே நடத்தினேன். பத்து வயதுப் பேத்தி சோறு சாப்பிட்டுக்கொண்டே, “தாத்தா, அது இப்பகூடக் கத்துதே, உனக்குக் கேக்கலையா?” என்றாள்.

பறவை எங்கும் போகவில்லை. போனது என் காது. வயதானால் உச்சக்குரல்தான் முதலில் போகுமாம், மருத்துவர் சொன்னார். செம்மார்புக் குக்குறுவான் கேட்கிறது, குயில் கேட்கிறது, தையல்சிட்டு கேட்கிறது. பூக்கொத்திக்கு மட்டும் கதவு மூடிவிட்டது. இப்போது காலையில் நான் கேமராவோடு நாற்காலியில் உட்கார, அவள் பக்கத்தில் நின்று, இடது பக்கம் தாத்தா, மேலே, இன்னும் மேலே என்று சொல்கிறாள். அவள் காது, என் கண். போன மாசியில் அப்படித்தான் ஒரு நல்ல படம் அமைந்தது. புல்லுருவிப் பழத்தைத் தின்றுவிட்டு, பசைபோல ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துக் கழிக்கிற நேரம். அந்தத் தேய்ப்பில்தான் அடுத்த புல்லுருவி முளைக்கிறது. படத்துக்குக் கீழே இரண்டு பேர் பெயரையும் போட்டிருக்கிறேன்.

சரி, நான் சீக்கிரம் முடிக்கக் கேட்டதன் காரணத்துக்கு வருவோம்.

இது ஐப்பசி மாதம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்த ஒரு பறவை, இந்த நாட்களில் இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வந்து சேர்கிறது. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, வால் கட்டை. பச்சை முதுகு, தோளில் பளபளக்கும் நீலம், சந்தன நிற வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. இந்தியில் நவரங், ஒன்பது நிறத்தான் என்கிறார்கள். சிங்களவர் ஒரு கதை சொல்வார்கள்: மயிலின் தோகை முதலில் இதனுடையதாம், மயில் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கவில்லையாம், அதை நினைத்துத்தான் இன்னமும் அழுகிறதாம். வந்த களைப்பில் இந்தப் பறவை வழி தவறி வீட்டுக்குள்கூட விழுந்துவிடும். அப்படி விழுந்தால் ஓர் அட்டைப்பெட்டியில், காற்றோட்டமாக, இருட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து சாயங்காலம் புதரோரம் விட்டுவிடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்.

இத்தனை நிறம் இருந்தும் யார் கண்ணிலும் படாது. புதருக்கு அடியில், சருகைப் புரட்டிக்கொண்டு, இருட்டிலேயே வாழும். படம் எடுக்க வேண்டுமானால் மண்ணில் குப்புறப் படுக்க வேண்டும். ஆனால் தையல்சிட்டைப்போல் அலைபாயாது, இரண்டு எட்டுத் தத்தி அசையாமல் நிற்கும். அந்த நிற்கிற நேரத்தில் ஷட்டர் வேகத்தை இருநூறில் ஒன்றுவரை இறக்கலாம். பகலெல்லாம் வாய் திறக்காத இந்தப் பறவை, விடியும்போதும் பொழுது சாயும்போதும் மட்டும் இரட்டைச் சீழ்க்கை ஒன்று விடும். ‘வீட்-டியூ’. ஒன்று கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். சில நிமிடம்தான், பிறகு அடங்கிவிடும். கடிகாரம் இல்லாத காலத்து மக்கள் இதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அது எனக்குத் தெரியாது, கடிகாரம் வந்த பிறகு வைத்த பெயர்தான் தெரியும். ஆறுமணிக்குருவி!

நூலகத்துக்குப் பின்னால் கிணற்றடியில் புங்கமும் நொச்சியும் மண்டிக் கிடக்கிறதே, போன வாரத்திலிருந்து சாயங்காலத்தில் அங்கே யாரோ சீழ்க்கை அடிக்கிறார்கள், காவலாளி இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார், ஆளைக் காணோம் என்று நூலகர் அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் நான் இன்றைய தேதிக்கே ஒப்புக்கொண்டேன்.

மணி ஐந்து ஐம்பது. நன்றியுரையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். செல்போனை அணைத்துவிடுங்கள். பின்கதவு வழியாக, ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். சருகு மிதிபடும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். என் பேத்தி முன்னால் போவாள். அவள் கையைத் தூக்கியதும் எல்லோரும் அப்படியே நின்றுவிடுங்கள்.